ஏறும்போது சூடாகும் எஞ்சின்: சொந்தமாகக் கட்டும் விமானத்தில் கௌலிங் வழியே காற்றை எப்படி நடத்துவது?

நீள்சிறகு எழுதியது:

வணக்கம். நான் கட்டிவரும் இரண்டு இருக்கைத் தாழ்சிறகு விமானத்தில் இறக்கை, உடல், வால் மூன்றும் முடிந்துவிட்டன. 160 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் ஓ-320 எஞ்சினும் தாங்கியில் ஏறிவிட்டது. இந்த வடிவமைப்புக்கு ஆயத்தக் கௌலிங் (எஞ்சினை மூடும் உறை) கிடைக்காது என்பதால், நுரைக்கட்டியைச் செதுக்கி அதன்மேல் கண்ணாடியிழை போர்த்தி நானே செய்கிறேன். வெளிவடிவம் ஏறக்குறைய அமைந்துவிட்டது. ஆனால் முன்னால் நுழைவாய்களை எந்த அளவில் வெட்டுவது, பின்னால் அடியில் வெளிவாயை எவ்வளவு விடுவது என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது.

"நுழைவாயைப் பெரிதாகவே வெட்டிவிடுங்கள், அதிகமாகத் தோன்றினால் பிறகு அடைத்துக்கொள்ளலாம்" என்று அனுபவமுள்ள ஒருவர் சொன்னார். இன்னொருவர், நுழைவாயை விட வெளிவாய் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி என்றார். இரண்டு பேரும் காரணம் சொல்லவில்லை. ஏறும் வேகம் 85 நாட், சமமட்டப் பறப்பு வேகம் 140 நாட் என்று எதிர்பார்க்கிறேன். விதிகளைக் காட்டிலும் அவற்றின் பின்னால் உள்ள கணக்கைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காற்றுக்கணக்கன் எழுதியது:

நல்ல கேள்வி, அதுவும் வெட்டுவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள்.

வெப்பத்திலிருந்து தொடங்குவோம். 160 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 119 கிலோவாட். காற்றால் குளிரும் இவ்வகை எஞ்சின்களில், தண்டில் கிடைக்கும் திறனில் ஏறக்குறைய பாதியளவு வெப்பம் ஃபின்கள் (சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய குளிர்விப்பு இதழ்கள்) வழியாகவும் எண்ணெய் வழியாகவும் காற்றுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வது முதல் கணக்குக்குப் போதுமானது. அதாவது 60 கிலோவாட். எஞ்சினைக் கடந்து செல்லும் காற்று 55 டிகிரி செல்சியஸ் சூடாகிறது என்று கொண்டால், நொடிக்கு 1.1 கிலோ காற்று தேவைப்படும். கடல்மட்டத்தில் 15 டிகிரியில் அது 0.9 கன மீட்டர்.

85 நாட் என்பது நொடிக்கு 43.7 மீட்டர். அந்த வேகத்தில் 0.9 கன மீட்டர் காற்று, விமானத்துக்கு முன்னால் எதுவும் தீண்டாத நிலையில், 206 சதுர சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் ஓடையாக வருகிறது. அந்த ஓடை நுழைவாயை நெருங்கும்போதே வேகம் குறைந்து விரியத் தொடங்குகிறது. நுழைவாயில் வேகம் விமான வேகத்தில் பத்தில் ஆறு பங்காகக் குறைய வேண்டும் என்று நாம் தேர்ந்துகொண்டால், இரண்டு நுழைவாய்களும் சேர்ந்து 343 சதுர சென்டிமீட்டர் தேவை. வட்டமாக வெட்டினால் ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டம். இது ஒன்றும் புதுமையான அளவன்று. இத்திறனுள்ள பல விமானங்களில் நீங்கள் கண்ணால் பார்க்கும் அளவுதான்.

இனி முக்கியமான இடம். காற்று எவ்வளவு பாயும் என்பதை நுழைவாய் தீர்மானிப்பதில்லை. எஞ்சினுக்கு மேலுள்ள அறைக்கும் கீழுள்ள அறைக்கும் இடையே எவ்வளவு அழுத்த வேறுபாடு நிற்கிறது என்பதே தீர்மானிக்கிறது. நுழைவாயின் வேலை, வரும் காற்றின் வேகத்தை அழுத்தமாக மாற்றி மேலறையில் சேர்ப்பது. வெளிவாயின் வேலை, கீழறையின் அழுத்தத்தைத் தாழ்வாக வைத்திருப்பது. மேலறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கீழறையில் காற்று தேங்கினால் வேறுபாடு கிடைக்காது.

85 நாட்டில் காற்றின் இயக்க அழுத்தம் (ஓடும் காற்றை முழுவதும் நிறுத்தினால் கூடும் அழுத்தம்) முழுவதுமே 119 மில்லிமீட்டர் நீர் உயரம்தான். நுழைவாய் அதில் 85 விழுக்காட்டை மீட்டெடுக்கிறது என்று கொள்வோம். மேலறையில் 101 மில்லிமீட்டர். முழுத் திறனில் அந்த 1.1 கிலோ காற்றைத் தள்ள எஞ்சினின் குறுக்கே 100 மில்லிமீட்டர் தேவை என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் எஞ்சினுக்கு உற்பத்தியாளர் தரும் குளிர்விப்பு வரைபடத்தில் உள்ள எண்ணை இட்டு நீங்களே மறுபடி கணக்கிடுங்கள். அப்படியானால் காற்று வெளியே போவதற்கு மிஞ்சுவது 1 மில்லிமீட்டர். எவ்வளவு பெரிய வெளிவாய் வைத்தாலும் அந்த ஒரு மில்லிமீட்டரால் அவ்வளவு காற்றையும் வெளியே தள்ள முடியாது. புரொப்பெல்லர் தள்ளும் காற்றும் வெளிவாயருகே உண்டாகும் உறிஞ்சலும் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

அதே விமானத்தை 100 நாட்டில் ஏறவிடுங்கள். இயக்க அழுத்தம் 165 மில்லிமீட்டர், மேலறையில் 140, எஞ்சினுக்கு 100 போக மீதி 40. சூடான காற்று நொடிக்கு 27 அல்லது 28 மீட்டர் வேகத்தில் வெளியேறும். வெளிவாய் ஏறத்தாழ 390 சதுர சென்டிமீட்டர் இருந்தால் போதும். பதினைந்து நாட் கூடியதில் முடியாத கணக்கு முடிந்த கணக்காகிவிட்டது. ஏற்றத்தில் சூடாகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது "எந்த வேகத்தில் ஏறுகிறீர்கள்" என்பதைத்தான். தகடும் பிசினும் செலவாகாத மருந்து அது.

வால்சக்கரம் எழுதியது:

கணக்கன் அவர்களின் எண்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பெரிய நுழைவாயைப் பரிந்துரைத்தவரை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. என் விமானத்தில் நுழைவாய்களைப் பெரிதாக்கி, உதடுகளையும் உருட்டிய பிறகு நான்கு சிலிண்டர்களும் தெளிவாகக் குளிர்ந்தன. வெளிவாயில் கைவைக்கவே இல்லை. நுழைவாய் தீர்மானிப்பதில்லை என்றால் இது எப்படி நடந்தது?

காற்றுக்கணக்கன் எழுதியது:

நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான், காரணமும் உண்டு.

காற்றின் வேகத்தைக் குறைத்து அழுத்தமாக்கும் வேலை இரண்டு இடங்களில் நடக்கலாம். நுழைவாய்க்கு வெளியே, திறந்த வெளியில் நடந்தால் இழப்பு ஏறக்குறைய இல்லை. அங்கே உரசுவதற்குச் சுவரே கிடையாது. நுழைவாய்க்கு உள்ளே நடந்தால், விரிந்துசெல்லும் சுவரை ஒட்டிக் காற்று போக வேண்டும். சுவர் சட்டென்று விலகினால் காற்று அதைப் பின்தொடராமல் பிரிந்து, சுழலாகி, அழுத்தமாக வேண்டியது வீண்வெப்பமாகிவிடும். நம் விமானங்களில் நுழைவாய்க்கும் முதல் சிலிண்டருக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இருப்பதில்லை. அங்கே ஒழுங்கான விரிகுழாய் அமைப்பது கடினம். சிறிய நுழைவாய் என்றால் அந்தக் கடினமான வேலை உள்ளே போகிறது. பெரிய நுழைவாய் என்றால் பெரும்பகுதி வெளியிலேயே முடிந்துவிடுகிறது. உள்வடிவம் சுமாராக உள்ள விமானத்தில் நுழைவாயைப் பெரிதாக்கினால் மேலறை அழுத்தம் உயர்வது அதனால்தான்.

அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை சமமட்டப் பறப்பில் தெரியும். அங்கே தேவையான காற்று குறைவு, வேகமோ அதிகம். பெரிய வாயின் முன் வந்து உள்ளே போகாத காற்று உதட்டைச் சுற்றி வெளியே வழிகிறது. உதடு கூர்மையாக இருந்தால் அந்த இடத்திலேயே காற்று பிரிந்து, கௌலிங் நெடுக இழுவை கூடும். நீங்கள் உதட்டை உருட்டியதாகச் சொல்கிறீர்கள். பாதிப் புண்ணியம் அந்த உருட்டலுக்கே சேரும் என்பது என் எண்ணம்.

தகட்டுவேலை எழுதியது:

நுழைவாய், வெளிவாய் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் இருப்பது ஓட்டைக் குடமானால் எதை அளந்து என்ன பயன்?

கௌலிங்கின் மேல்மூடிக்கும், மேலறையையும் கீழறையையும் பிரித்துக் காற்றைச் சிலிண்டர்கள் வழியே திருப்பும் பேஃபிள் தகடுகளுக்கும் இடையே ஓடும் ரப்பர் பட்டையின் மொத்த நீளம் இரண்டு மீட்டருக்குக் குறையாது என்று வையுங்கள். அதில் சராசரியாக மூன்று மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால், 60 சதுர சென்டிமீட்டர் ஓட்டை. கணக்கன் அவர்கள் ஏற்றத்துக்குக் கேட்ட மொத்த வெளிவாயில் ஏழில் ஒரு பங்கு அது. இந்த வழியாகப் போகும் காற்று ஒரு ஃபின்னைக்கூடத் தொடாமல் நேராகக் கீழறைக்குப் போய், அங்கே அழுத்தத்தை ஏற்றி, ஒழுங்காக வரும் காற்றையும் தடுக்கிறது.

பட்டையை எந்தப் பக்கம் மடிப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பட்டையின் விளிம்பு எப்போதும் மேலறைப் பக்கம், அதாவது அழுத்தம் உள்ள பக்கம் வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தமே அதைக் கௌலிங்கோடு சேர்த்து அமுக்கும். எதிர்ப்பக்கம் மடிந்தால் வேகம் கூடக்கூட அது திறந்துகொள்ளும். தரையில் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சில மணிநேரம் ஓட்டிய பிறகு மேல்மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். பட்டை உரசிய இடத்தில் கருமையான கோடு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். கோடு அறுந்த இடத்தில் காற்று போகிறது.

அடுத்தது, சிலிண்டர்களுக்கு அடியில் சுற்றி வரும் இடைத்தகடுகள். அவை ஃபின்களின் நுனியோடு ஒட்டி நின்றால்தான் காற்று ஃபின்களுக்கு நடுவே நுழைந்து சிலிண்டரின் அடிப்புறம் வரை போகும். தகடு விலகி நின்றால் காற்று சுலபமான பாதையைப் பிடித்துக்கொள்ளும். அவற்றை இழுத்துக் கட்டும் கம்பிகள் தளரவில்லை என்பதை ஒவ்வொரு சோதனையிலும் பாருங்கள்.

லைகமிங்கில் குறிப்பாக இரண்டு இடங்கள் உண்டு: இடப்பக்க முன் சிலிண்டரான இரண்டாம் எண்ணின் முன்புறம், வலப்பக்கப் பின் சிலிண்டரான மூன்றாம் எண்ணின் பின்புறம். இந்தப் பக்கங்களில் ஹெட்டின் (சிலிண்டரின் தலைப்பகுதியின்) ஃபின்கள் மிக ஆழம் குறைந்தவை. முன்தகட்டையோ பின்தகட்டையோ அங்கே சமமாக ஒட்டிவைத்தால் காற்று கீழே இறங்க வழியே இருக்காது. பலரது விமானத்தில் மூன்றாம் எண் மட்டும் சூடாகக் காட்டுவதற்கு இதுவே காரணம். தகட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே வாஷர் வைத்துச் சிறிது விலக்குவது ஒரு வழி. தகட்டில் ஓர் அரைவட்டப் புடைப்பு அமைத்து, காற்று அதன்வழி இறங்கி ஹெட்டின் கீழ்ப்பாதி ஃபின்களுக்குப் போகுமாறு செய்வது அதைவிட நல்ல வழி. புடைப்பின் அடிவாயைத் திறந்து கீழறைக்கு விட்டுவிடாதீர்கள். அது மறுபடியும் ஓட்டையாகிவிடும்.

ஃபின்களுக்கு நடுவே வார்ப்பின்போது வழிந்த உலோகப் பிசிறு அடைத்துக்கொண்டிருப்பதும் உண்டு. ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வோர் இடுக்கிலும் மேலிருந்து விட்டுப் பாருங்கள். இறங்காத இடத்தில் வட்ட அரத்தால் பொறுமையாகத் திறந்துவிடலாம். எஞ்சின் ஏறுமுன் செய்திருந்தால் இன்னும் எளிது.

இன்னும் ஒன்று: புரொப்பெல்லரின் நடுவிலுள்ள கூம்பு மூடியான ஸ்பின்னருக்குப் பின்னால், ஸ்டார்ட்டர் பற்சக்கரத்தைச் சுற்றி உள்ள இடைவெளி. மேலறைக் காற்று அதன்வழி முன்னோக்கிக் கசிந்து வெளியே போகும். சிலர் அதைக் காற்று உள்ளே வரும் வழி என்று நினைத்துத் திறந்தே விடுகிறார்கள்.

நீள்சிறகு எழுதியது:

மிக்க நன்றி. தகட்டுவேலை அவர்கள் சொன்ன மூன்றாம் எண் பின்புறத்தை இன்று போய்ப் பார்த்தேன். பின்தகடு ஹெட்டோடு ஒட்டி நிற்கிறது, ஒரு தாள்கூட நுழையவில்லை. புடைப்பு அமைக்கப்போகிறேன்.

வெளிவாய்க்கு வருகிறேன். கணக்கன் அவர்களின் கணக்குப்படி ஏற்றத்துக்கு 390 சதுர சென்டிமீட்டர். நிலையான வெளிவாயாக அதையே விட்டுவிட்டால் போதுமா, அல்லது திறந்து மூடும் கதவு தேவையா?

காற்றுக்கணக்கன் எழுதியது:

சமமட்டப் பறப்பின் கணக்கைப் பார்த்தால் நீங்களே முடிவு செய்யலாம். 140 நாட்டில் இயக்க அழுத்தம் 324 மில்லிமீட்டர், மேலறையில் 275. திறன் குறைந்திருப்பதால் 0.8 கிலோ காற்று போதும் என்று கொள்வோம். பாய்வு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், அதற்கு எஞ்சினின் குறுக்கே 53 மில்லிமீட்டரே தேவை. மிஞ்சிய 222 மில்லிமீட்டர் காற்றை நொடிக்கு 65 மீட்டர் வேகத்தில் வெளியே தள்ளும். அவ்வளவு வேகத்தில் போனால் 120 சதுர சென்டிமீட்டர் வாயே போதும். ஏற்றத்தில் தேவைப்பட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

வாயை 390 ஆகவே விட்டால் எஞ்சினுக்குத் தேவையானதைவிட மிக அதிகமான காற்று பாய்ந்து, மெதுவான வேகத்தில் வெளியேறும். குளிர்விப்பு இழுவை என்பதே உள்ளே வந்த காற்று எவ்வளவு வேகத்தை இழந்து வெளியே போகிறது என்பதுதான். வாயைச் சுருக்கினால் காற்றும் குறைகிறது, ஒவ்வொரு கிலோவும் இழக்கும் வேகமும் குறைகிறது. நொடிக்கு 72 மீட்டரில் வந்த காற்றை 65 மீட்டரில் திருப்பி அனுப்பினால் நட்டம் சொற்பம்.

செங்குத்தான் எழுதியது:

இதைத்தானே மெரிடித் விளைவு என்பார்கள்? மஸ்டாங் போர் விமானத்தில் ரேடியேட்டர் உந்துவிசையே கொடுத்ததாகப் படித்திருக்கிறேன். நாமும் அதைப் பெற முடியாதா?

கூடவே ஒரு கேள்வி. சூடான காற்று மேலே எழும்பும் இயல்புடையது. நாம் ஏன் காற்றை மேலிருந்து கீழே தள்ளி இயற்கைக்கு எதிராகப் போராடுகிறோம்? கீழிருந்து மேலாக விட்டால் என்ன?

காற்றுக்கணக்கன் எழுதியது:

மெரிடித் 1935இல் எழுதியது ரேடியேட்டரில் ஏறும் வெப்பத்தைக் கொண்டு வெளியேறும் காற்றை விரைவுபடுத்தி இழுவையை ஈடுகட்டுவது பற்றி. தத்துவம் நமக்கும் பொருந்தும். ஆனால் அதன் பலன் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. நம் வேகங்களில் உந்துவிசையை எதிர்பார்க்க வேண்டாம். இழுவையைக் குறைத்தோம் என்ற அளவில் திருப்தி அடையலாம்.

சூடான காற்று எழும்புவது உண்மை, அளவைப் பாருங்கள். எஞ்சினின் மேல்கீழ் உயரம் அரை மீட்டர், சூடான காற்றுக்கும் குளிர்ந்த காற்றுக்கும் அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு 0.2 கிலோ என்றால், அந்த எழுச்சி தரும் அழுத்தம் 1 பாஸ்கல். 100 மில்லிமீட்டர் நீர் என்பது 981 பாஸ்கல். ஆயிரத்தில் ஒரு பங்கோடு யாரும் போராடவில்லை.

கீழிருந்து மேலாகக் குளிர்விப்பது வேறு காரணங்களுக்காகச் செய்யப்படுகிறது. லாங்-ஈசி போன்ற, புரொப்பெல்லர் பின்னால் உள்ள பின்னுந்து விமானங்களில் வயிற்றுப்புறத்திலிருந்து காற்றை எடுப்பது வசதியாக இருப்பதால் அது வழக்கமானது. முன்னுந்து விமானத்தில் அப்படிச் செய்தால், எக்ஸாஸ்ட் குழாய்களை உரசிச் சூடான காற்றுதான் முதலில் ஃபின்களைச் சேரும். எங்கேனும் எண்ணெய் கசிந்தால் அது முன்கண்ணாடியில் வந்து படியும்.

தகட்டுவேலை எழுதியது:

கதவு பற்றி என் கருத்து சற்று வேறு. முதல் கௌலிங் செய்பவர் வெளிவாயை ஏற்றத்துக்குத் தேவையான அளவில் நிலையாக விட்டு, அதைச் சுருக்கக்கூடிய ஒரு தனித் தகட்டைத் திருகாணியால் பொருத்தும்படி அமைத்துக்கொள்வது மேல். கதவு என்றால் கீல், கம்பி, நெம்புகோல், அதிர்வு எல்லாம் வரும். பறந்து, அளந்து, என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு கதவு அமைக்கலாம். தெரியாமல் அமைத்த கதவு பாதித் திறப்பிலேயே காலத்தை ஓட்டும்.

வெளிவாயை அளக்கும்போது வெற்றுத் திறப்பை அளக்காதீர்கள். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு எக்ஸாஸ்ட் குழாய்கள் அதன்வழி போனால் 39 சதுர சென்டிமீட்டர் போய்விட்டது. மூக்குச் சக்கரக் காலும் அங்கே இறங்கினால் இன்னும் குறையும். அதைவிட மோசமானது, எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையே நிற்கும் தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலின் அடிமூலை. எஞ்சினிலிருந்து செங்குத்தாக இறங்கும் காற்று அந்தக் கூர்மூலையில் சட்டென்று பின்னோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. மூலையை ஒட்டித் திரும்ப முடியாமல் காற்று பிரிந்து, திறப்பின் மேல்பாதியை வெறும் சுழலாக நிரப்பிவிடும். நீங்கள் 390 வெட்டியிருந்தாலும் வேலை செய்வது பாதியாக இருக்கலாம். துருப்பிடிக்காத மெல்லிய எஃகுத் தகட்டை வளைத்து, ஏழெட்டு சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவாக அந்த மூலையில் பொருத்திவிடுங்கள். எடை கொஞ்சம்தான். எனக்குத் தெரிந்த வேலைகளில் இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தருவது வேறில்லை.

வெளிவாயின் விளிம்பைக் கீழ்நோக்கி வளைத்து உதடு வைத்தால் பின்னால் உறிஞ்சல் உண்டாகி ஏற்றத்தில் உதவும். சமமட்டத்தில் அது நிரந்தர இழுவை. அவசரத்துக்கான ஒட்டுவேலையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்சக்கரம் எழுதியது:

மூலை வளைவை நானும் வழிமொழிகிறேன்.

எண்ணெயை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். ஆயில் கூலரை நான்காம் சிலிண்டரின் பின்தகட்டில் தொங்கவிடுவது வழக்கம். கூலரின் எடையும் அதிர்வும் சேர்ந்து அந்தத் தகட்டை வெடிக்கச் செய்வதும் வழக்கம். தகட்டின் பின்னால் வலுவூட்டும் பட்டை வைக்காமல் அங்கே மாட்டாதீர்கள். கூலருக்கும் சிலிண்டருக்கும் நடுவே சில சென்டிமீட்டராவது இடம் விடுங்கள். இல்லையென்றால் கூலரின் ஒரு பகுதிக்குக் காற்றே போகாது.

ஃபயர்வாலில் மாட்டி 10 சென்டிமீட்டர் குழாய்வழி காற்றைக் கொண்டுபோவது அமைதியான வழி. ஆனால் அந்தக் குழாயின் குறுக்களவு 78 சதுர சென்டிமீட்டர். கூலரின் முகம் அதைவிட மிகப் பெரியது. குழாய் கூலரில் சேரும் இடத்தில் பெட்டி திடீரென விரிந்தால் காற்று நடுவில் மட்டும் பாய்ந்து ஓரங்கள் சும்மா இருக்கும்.

ஆயில் கூலரும் மேலறைக் காற்றைத்தான் குடிக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சூடாகிறது என்று கூலருக்குப் பெரிய குழாய் விட்டால், சிலிண்டர்களின் பங்கு குறையும். இரண்டும் சேர்ந்தே சூடானால், கூலரை மாற்றுவதற்குமுன் கீழறையைப் பாருங்கள். கூலரை விட்ட காற்றும் அங்கேதான் வந்து சேர்கிறது.

மானோமீட்டர் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். யாரும் அளக்கும் முறையைச் சொல்லாததால் எழுதுகிறேன்.

சிலிண்டர் வெப்பநிலை மட்டும் பார்த்துக்கொண்டு கௌலிங்கைத் திருத்துவது இருட்டில் தடவுவது. வெப்பநிலை உயர்வதற்கு எரிகலவை மெலிந்திருப்பதும் காரணமாகலாம், எரியூட்டும் நேரம் முந்தியிருப்பதும் காரணமாகலாம். அழுத்தம் காற்றைப் பற்றி மட்டுமே பேசும்.

மேலறையில் ஒன்று, கீழறையில் ஒன்று என இரண்டு மெல்லிய குழாய்களை வையுங்கள். திறந்த நுனியை நேரடியாகக் காற்றில் நீட்டினால், அது, வேகமானிக்கு எதிர்காற்றின் அழுத்தத்தைத் தரும் பிட்டோ குழாய் போல வேகத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். நுனியை அடைத்துவிட்டு, பக்கவாட்டில் சிறு துளைகள் சில போட்டால் உள்ள அழுத்தத்தைக் காட்டும். மேலறைக் குழாயை நுழைவாய்க்கு நேர் பின்னால் வைக்காமல், காற்று அடங்கியுள்ள பின்பகுதியில் வையுங்கள். ஃபயர்வாலைத் துளைத்து வரும் இடத்தை முறையாக அடைத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் எக்ஸாஸ்ட் இருக்கிறது, இந்தப் பக்கம் நீங்கள் மூச்சுவிடுகிறீர்கள்.

நிறமேற்றிய நீர் நிரப்பிய ஊடுதெரியும் குழாயே நல்ல மானோமீட்டர் (அழுத்த வேறுபாட்டை அளக்கும் கருவி). விமானத்தில் நீர்க்குழாய் தொல்லை என்றால், உதிரியாக ஒரு வேகமானி இருந்தால் போதும். அதன் பிட்டோ முனையில் மேலறைக் குழாயையும் ஸ்டாட்டிக் (சுற்றுக்காற்றின் அழுத்தத்தை ஏற்கும்) முனையில் கீழறைக் குழாயையும் மாட்டுங்கள். வேகமானியும் அழுத்த வேறுபாட்டை அளக்கும் கருவிதானே. அது 78 நாட் காட்டினால் வேறுபாடு 100 மில்லிமீட்டர் நீர். 55 நாட் என்றால் அதில் பாதி.

பிறகு கீழறைக் குழாயை விமானத்தின் ஸ்டாட்டிக் அழுத்தத்தோடு ஒப்பிட்டு ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். கீழறை அழுத்தம் வெளிக்காற்றை விட மிக உயர்ந்திருந்தால் வெளிவாய் போதவில்லை. கீழறை தாழ்வாக இருந்தும் வேறுபாடு குறைவென்றால் நுழைவாயோ அதன் பின்னுள்ள சரிவோ அழுத்தத்தை வீணடிக்கிறது. வேறுபாடு நன்றாக இருந்தும் ஒரு சிலிண்டர் மட்டும் சூடென்றால், தகட்டுவேலை அவர்கள் சொன்ன இடங்களில் தேடுங்கள். வேறுபாடு நன்றாக இருந்தும் நான்கும் சூடென்றால் எரிகலவையையும் எரியூட்டலையும் பாருங்கள். அளவீட்டுப் பறப்புக்கு உரிமையுள்ள இன்னொருவரை உடன் ஏற்றிக்கொள்ள முடிந்த பிறகே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது விமானத்தை ஓட்டுவது மட்டுமே உங்கள் வேலை. ஒளிப்பதிவுக் கருவி ஒன்றைக் கருவியின் முன் பொருத்திவிட்டால் அதுவும் போதும்.

செங்குத்தான் எழுதியது:

வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே அழுத்தம்தான் காட்டுமா?

மானோமீட்டர் எழுதியது:

ஏற்றத்தில் காட்டாமல் போகலாம். விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லரில், மூக்கு தூக்கிய நிலையில், வலப்பக்கம் இறங்கிவரும் அலகு அதிக வேலை செய்கிறது. அதனால் வலது நுழைவாய்க்குக் கிடைக்கும் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். மேலறை இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே அறையாக இருந்தால் பெரும்பாலும் சமமாகிவிடும். தனித்தனி மூடிய பெட்டிகளாக அமைப்பவர்கள் இரண்டையும் ஒரு குழாயால் இணைத்துவிடுவது நல்லது.

நீள்சிறகு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. என் முடிவுகளை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

நுழைவாய்கள் 15 சென்டிமீட்டர் வட்டம், உதடு நன்கு உருட்டியது. உள்ளே மேல்மூடியில், காற்று சுவரைவிட்டுப் பிரியாமல் மெல்ல விரியச் சரிவுப் பலகை, முடிந்தவரை நீளமாக. வெளிவாய், குழாய்களின் இடம் போக நிகரமாக 400 சதுர சென்டிமீட்டர், ஃபயர்வால் அடிமூலையில் வளைவு, சுருக்குவதற்குத் தனித் தகடு. மூன்றாம் எண்ணின் பின்னும் இரண்டாம் எண்ணின் முன்னும் புடைப்பு. ஆயில் கூலர் ஃபயர்வாலில். இரண்டு அழுத்தக் குழாய்களையும் இப்போதே பொருத்திவிடுகிறேன். ஏற்ற வேகம் 100 நாட்.

சிலிண்டர் ஹெட் வெப்பநிலைக்கு உற்பத்தியாளரின் உச்ச வரம்பு 260 டிகிரி. அதை எட்டாமல் இருந்தால் போதும் என்று கொள்ளலாமா?

வால்சக்கரம் எழுதியது:

கூடாது. 260 என்பது தாண்டக்கூடாத கோடு, வாழ்வதற்கான இடமன்று. ஹெட் அலுமினியத்தால் ஆனது. 200 டிகிரியைத் தாண்டியதும் அதன் வலிமை வேகமாகக் குறையத் தொடங்கும். சமமட்டத்தில் 204 டிகிரிக்குக் கீழே வைத்திருங்கள். ஏற்றத்தில் சற்றுக் கூடினால் மூக்கைத் தாழ்த்துங்கள்.

எண்ணெய்க்கு உச்சம் 118 டிகிரி. ஆனால் அதை மிகவும் குளிர வைத்தாலும் தவறு. 80 டிகிரிக்கு மேல் ஓடினால்தான் எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகும். குளிர்காலத்தில் கூலருக்குப் போகும் காற்றைக் குறைக்க ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டுவேலை எழுதியது:

உங்கள் எஞ்சின் புதிதா, பழுதுபார்த்ததா என்று சொல்லவில்லை. சிலிண்டர்கள் புதியவை என்றால் பிஸ்டன் வளையங்கள் பதியும்வரை வெப்பநிலை வழக்கத்தைவிட உயர்ந்தே காட்டும், பதிந்ததும் தானாக இறங்கும். அந்தக் காலத்தில் திறனையும் குறைக்க முடியாது. குறைத்தால் வளையம் பதியாது. எனவே சுருக்குத் தகட்டை அப்போது கழற்றியே வையுங்கள், தரையில் நெடுநேரம் ஓடவிடாதீர்கள், முதல் பறப்புகளின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு நுழைவாயை அரத்தால் தேய்க்கக் கிளம்பாதீர்கள். வளையம் பதிந்த பிறகு எடுத்த அழுத்த எண்களை இங்கே இடுங்கள். சுருக்குத் தகட்டின் அளவை அப்போது பேசிக்கொள்ளலாம்.

நீள்சிறகு எழுதியது:

சிலிண்டர்கள் நான்கும் புதியவைதான். தகட்டைக் கழற்றியே வைக்கிறேன். புடைப்புக்கு 0.8 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வெட்டிவிட்டேன். பின்தகட்டில் ரிவெட் ஆணியறைந்து, ஓரங்களை உயர்வெப்பச் சிலிகோனால் அடைக்கப் போகிறேன். எண்கள் கிடைத்ததும் எழுதுகிறேன்.